கத்திரிப்பூக் கரை

எங்கள் ஊரில் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கரையைத்தான் பார்ப்பார்கள். புடவையென்றால் சரி. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு, சுவரில் அடித்த காவிப் பட்டை, தோளில் போட்ட துண்டு என்று எல்லாவற்றுக்கும் கரை எப்படி என்று ஒரு பேச்சு வந்துவிடும். நான் கல்யாணமாகி காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் பிறந்தது ஆற்காட்டுப் பக்கம். எங்களுக்கு நெல்லும் வேர்க்கடலையும் தெரியும். சீமையிலிருந்து வந்த ஒரு காகிதத்தின் கரை என் நாத்தனாருக்குக் கிடைக்கவிருந்த நல்ல வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுப் போகும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

என் வீட்டுக்காரருக்குக் காகிதக்கடை. மாமனார் வைத்துவிட்டுப் போன கடை அது. பட்டுக்கடைக்காரர்களுக்குக் கணக்குப் புத்தகம், பள்ளிக்கூடத்துக்கு நோட்டு, அச்சுக்கூடங்களுக்கு ரீம் கணக்கில் காகிதம், கல்யாணக் காலத்தில் பத்திரிகைக்கும் உறைக்கும் வேண்டியது. விற்பது காஞ்சிபுரத்தில்தான், ஆனால் சரக்கில் முக்கால்வாசி சீமையிலிருந்து வரும். கப்பலில் பட்டணத்துக்கு வந்து, பட்டணத்து மண்டியிலிருந்து ரயிலில் செங்கல்பட்டு வழியாக எங்களிடம் வந்து சேரும். கட்டைப் பிரித்ததும் ஒரு வாசனை அடிக்கும். புளித்த கஞ்சி வாடை என்று மாமியார் மூக்கைப் பொத்திக்கொள்வார். எனக்கு அது பிடிக்கும்.

பெரிய சண்டை நடந்த வருஷங்களில் அந்த வாசனையே இல்லாமல் போயிற்று. கப்பல் வரவில்லை. வந்தாலும் அதில் காகிதம் இல்லை. முழுத் தாளை நாலாக வெட்டி விற்றார் என் வீட்டுக்காரர். கல்யாணப் பத்திரிகைகள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கின. சொந்தக்காரர்களின் பெயர்களை அதற்குள் நெருக்கியடித்து அச்சுப்போட, என் பெயர் விட்டுப்போச்சு, உன் பெயர் பெரிசாக இருக்குது என்று வீட்டுக்கு வீடு சண்டை. ஐரோப்பாவில் நடந்தது போதாதென்று இங்கே இது வேறு. கடையில் பாதி அலமாரி காலி. நாங்கள் உப்புக்கும் புளிக்கும் யோசித்துச் செலவு செய்த காலம் அது.

அதனால்தான் சண்டை முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும், மண்டிக்காரர் கழிவு விலைக்கு ஒரு சீமைச் சரக்கு இருக்கிறது என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் ரெண்டாம் யோசனை இல்லாமல் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தலையில் கட்டிவிட்டான் என்று பிறகு சொன்னோம். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அட்டைப் பெட்டிகளைத் திறந்தபோது நாங்கள் எல்லோருமே வாயைப் பிளந்தோம். பால் மாதிரி வெள்ளைக் காகிதம், மடித்தால் சத்தம் வராத கனம். ஒவ்வொரு தாளுக்கும் நாலு பக்கமும் கரை. அதற்கு ஏற்ற உறை, உறைக்கும் கரை.

“கரை போட்ட காகிதம்மா!” என்று தன் தாயாரைக் கூப்பிட்டார் அவர். “சீமையில பெரிய மனுஷங்க எழுதறதாம். மார்னிங் பேப்பர்னு பேராம். காத்தால எழுந்திரிச்சி மொத வேலையா இதுலதான் எழுதுவாங்க போலக்குது.”

அவருக்கு இங்கிலீஷ் கடைக்கு வேண்டிய அளவு தெரியும். அளவு, கனம், எத்தனை தாள் என்று பெட்டியின் மேல் இருப்பதைப் படித்துவிடுவார். மார்னிங் என்றால் காலை என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்தது அவ்வளவுதான்.

பெட்டிகளில் மூன்று விதம் இருந்தது. சிலவற்றில் விரல் அகலத்துக்குக் கருப்புக் கரை. சிலவற்றில் கருப்பே மெல்லிசாக. மிச்சமிருந்தவற்றில் நூல் போல ஓடும் கத்திரிப்பூ நிறக் கரை. மாமியார் வாசற்படி தாண்டாமல் எட்டிப் பார்த்தார். “கருப்புக் கரையா? அத மொதல்ல உள்ள போடுப்பா. நல்லது கெட்டதுன்னு இருக்குது இல்ல?” என்றார். அவர் தாலியறுத்தவர். எந்த நிறம் எங்கே ஆகாது என்பது அவருக்குக் கணக்காகத் தெரியும். சரியென்று கருப்பையெல்லாம் கத்தியில் கொடுத்துக் கரையை வெட்டி, வெறும் வெள்ளைக் காகிதமாக விற்றோம். கெட்டதைத் தள்ளிவிட்டோம் என்று எங்களுக்கு நிம்மதி. கத்திரிப்பூ மட்டும் கரையோடு நின்றது.

என் நாத்தனாருக்கு அப்போது பதினாறு வயது. தெருவில் யார் வீட்டில் தறிக்குப் புதுப் பாவு ஏற்றினாலும், புடவை உடலுக்கு இந்த நிறமென்றால் கரைக்கு எது சேரும் என்று அவளைத்தான் கேட்பார்கள். கிளிப்பச்சைக்கு அரக்கு போடு, மாம்பழத்துக்கு மயில்கழுத்து போடு என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்வாள். சொன்னது தப்பியது இல்லை. எனக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை ஓயாது. ஆற்காட்டுக்காரிக்குக் கடலைத் தோல் நிறந்தான் தெரியும் என்பாள் என்னை. எனக்குச் சொந்தத் தங்கை இல்லாத குறையை அவள் தீர்த்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவளிடம் சொன்னது கிடையாது.

அவளுக்குப் பட்டணத்தில் தங்கசாலைப் பக்கம் ஒரு இடம் நிச்சயமாகியிருந்தது. தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை, படித்தவன், வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் அவனுடைய பெரியப்பா பெரிய குமாஸ்தா. பிள்ளையின் தாயார் பெண் பார்க்க வந்த அன்றே இவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வூட்டுக்கு வந்துடும்மா, எனக்குப் பேச ஆளில்ல” என்றார். அப்படிச் சொல்லும் மாமியார் யாருக்கு வாய்ப்பார்? அன்று ராத்திரி இவள் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பத்திரிகைக்குக் காகிதத்தை அவள்தான் எடுத்தாள். கடைக்குப் பின்கட்டில் பெட்டியைத் திறந்து ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அண்ணி, இதப் பாருங்க. விடியக்காலத்துல ஆகாசம் இருட்டு கழிஞ்சி இப்டித்தான இருக்குது? காத்தாலக் காகிதம்னு சும்மாவா பேர் வெச்சான்? நமக்கும் முகூர்த்தம் காத்தாலதான.”

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மாமியாருக்கும் பிடித்திருந்தது. அச்சுக்கூடத்துக்காரர் கரைக்குள் எழுத்து எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்று கடைக்கே வந்து காட்டிவிட்டுப் போனார். அதற்குள் ஊரில் நாலைந்து கல்யாண வீடுகளுக்கு அதே காகிதத்தை விற்றிருந்தோம். எல்லாக் கல்யாணமும் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டில் வைப்பதற்கு நானும் என் வீட்டுக்காரரும் பட்டணம் போனோம். மாமியார் வரக்கூடாது, அதனால் நான். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், நடுவில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. பெரியப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைப் பார்த்தவர், பிரிக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தக் காகிதம் எங்கப்பா வாங்கினது?”

“நம்ம கடையோடதுங்க. சீமைச் சரக்கு. மார்னிங் பேப்பர்” என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

அந்த மனுஷர் அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவரோ தாழ்ந்த குரலில், எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். “அது காத்தால இல்லப்பா. காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். இதுக்கு ஒரு எழுத்து அதிகம். அர்த்தம் துக்கம். வூட்டுல யாராவது செத்துட்டா வெள்ளைக்காரன் இதுலதான் எழுதுவான். மொதல்ல அகலக் கருப்பு. துக்கம் ஆற ஆறக் கரையக் கொறைச்சிக்கினே வருவான். கடைசியில இந்தக் கத்திரிப்பூ. எங்க துரையோட சம்சாரம் தவறினப்ப ஒரு வருஷத்துக்கு மேல பாத்தேன்.”

என் வீட்டுக்காரர், “அப்ப எதுக்குங்க இங்க அனுப்பறாங்க?” என்று கேட்டார். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? கடைக்காரர், அவருக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது.

“அங்க விலை போவல. சண்டையில வூட்டுக்கு ஒரு பிள்ளை போயிட்டான். எல்லாருமே துக்கம்னா யார் யாருக்கு எழுதறது? அந்தப் பழக்கத்தையே கொஞ்சங் கொஞ்சமா விட்டுட்டாங்களாம். ஆலைக்காரன் அடிச்சி வெச்சது அப்டியே கெடக்குது. அங்க ஓடாதது இங்கதான் வரும்.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றும் இருக்கவில்லை. “வெள்ளைக்காரன் துக்கம் அவனோட போவட்டும்ங்க. நமக்கு இன்னா? கத்திரிப்பூ நெறத்துல என்ன கெட்டது இருக்குது? நானே அந்த நெறத்துப் பொடவையத்தான் கட்டிக்கினு வந்திருக்கேன்” என்றேன். உண்மை அதுதான். என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து பிள்ளையின் தாயார் வந்தார். மேலே ஒரு சால்வை. இரண்டு நாளாக ஜுரம், இன்றைக்குத் தேவலை என்றார். பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறார். என் புடவையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அந்தப் பொண்ணு சொல்றது ஞாயந்தான? நம்ம ஊருக்கு நம்ம வழக்கம். குடுங்க தட்ட” என்று பெரியப்பாவிடமிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தானும் தாலியறுத்தவள் என்பதைக்கூடப் பார்க்காமல் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றி, பூஜை அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். பெரியப்பாவும் அதற்கு மேல் வாதாடவில்லை. ஊருக்குக் கொடுப்பதற்காவது வேறு வெள்ளைக் காகிதத்தில் அடித்துவிடுங்கள் என்றார். அடித்துவிடுகிறோம் என்றோம். காப்பி கொடுத்தார்கள், குடித்தோம்.

ரயிலில் என் வீட்டுக்காரர், “வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா நீ” என்றார். கோபமாக இல்லை. தப்பித்தோம் என்கிற தொனி. வீட்டில் எதையும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். அச்சில் ஒரு பெயர் தப்பாக விழுந்துவிட்டது, வேறு அடிக்கிறோம் என்று நாத்தனாரிடம் சொன்னோம். கரை இல்லாத காகிதமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

விஷ ஜுரம் ஊரையும் பட்டணத்தையும் முழுசாக விட்டுப் போகாத காலம் அது. சாயங்காலம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு மறுநாள் பாடை கட்டினார்கள். பிள்ளையின் தாயாருக்கு இறங்கிய ஜுரம் மறுபடி ஏறியிருக்கிறது. புதுப் பத்திரிகை அச்சுக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னாலேயே பட்டணத்திலிருந்து ஆள் வந்துவிட்டான்.

அவன் வீட்டுக்குள் வரவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டு ஒரு துணிப் பொட்டலத்தை வாசலில் வைத்தான். “அம்மா தவறிட்டாங்க. பெரியவருதான் இத உங்களாண்டையே குடுத்துடச் சொன்னாரு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் கேட்காமல் போனான். பொட்டலத்தில் நாங்கள் கொடுத்த தட்டு இருந்தது. அதில் எங்கள் பத்திரிகை, இரண்டாகக் கிழிந்து. கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவது நம் வழக்கம், வீட்டுக்குள் வைக்க மாட்டோம். கல்யாணப் பத்திரிகையை அப்படிக் கிழித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அதை எடுத்தவள் நாத்தனார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. செத்தது யார், எதற்குக் கிழித்தார்கள், தட்டு ஏன் திரும்பி வந்தது என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? மார்னிங் என்றால் என்ன என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கிழிந்த இரண்டு துண்டையும் தட்டில் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள்.

“அந்தக் கரை நான் எடுத்ததுதான?” என்றாள்.

இல்லை, உன் அண்ணன் வாங்கியது, மண்டிக்காரன் விற்றது, எவனோ சீமையில் அடித்தது என்று கத்தினேன். விஷ ஜுரத்தில் இந்த ஊரில் அத்தனை பேர் போனார்களே, அத்தனை பேர் வீட்டுக்கும் நாமா போய்ப் பத்திரிகை வைத்தோம் என்று கேட்டேன். அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் பட்டணம் போய்வந்தார். பெரியப்பா வாசலிலேயே நின்று பேசினாராம். உங்கள் மேல் தப்பு இல்லை, தெரியாமல் நடந்தது, ஆனால் பிள்ளை மாட்டேன் என்கிறான், அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றியதுதான் ஞாபகம் வரும் என்கிறான் என்றாராம். அவர் நல்ல மனுஷர். அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

பிறகு ஊருக்குத் தெரிந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? அந்தக் காகிதத்தில் பத்திரிகை அடித்த வீடுகளிலிருந்தெல்லாம் வந்து கடை வாசலில் நின்றார்கள். ஒரு வீட்டில் மாட்டுக்குப் பால் வற்றிவிட்டதாம். ஒரு வீட்டில் தறியில் பாவு அறுந்துகொண்டே இருக்கிறதாம். ஒருத்தர் வீட்டு மருமகள் நிறைமாசமாக இருந்தாள், அவர்கூட வந்து எதற்கும் இருக்கட்டும் என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். அந்த மருமகள் ஆண் பிள்ளை பெற்றாள். அதற்கு யாரும் எங்கள் காகிதம் காரணம் என்று சொல்ல வரவில்லை.

கப்பலில் ஏறிவரும் சரக்குக்கு அளவு உண்டு, கனம் உண்டு, விலை உண்டு. எல்லாவற்றையும் பெட்டியின் மேல் அச்சடித்து அனுப்புகிறான். அங்கே அது எதற்கு என்பது மட்டும் கூடவே வராது. வராமலே இருந்திருந்தால்கூட நல்லதுதான். ஊரில் அந்த நாலைந்து கல்யாணமும் அப்படித்தானே நடந்தன? எங்கள் பத்திரிகை மட்டும் அர்த்தம் தெரிந்த ஒருவர் கையில் போய் விழுந்தது. ஒரு துரையின் பெண்டாட்டி செத்ததற்கும் காஞ்சிபுரத்துப் பெண்ணின் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மிச்சமிருந்த பெட்டிகளின் கரையையும் வெட்டினோம். ஊதா இழைகள் தரையெல்லாம் விழுந்து கிடந்தன, மாமியார் கூட்டி அடுப்பில் போட்டார். வெட்டிய பிறகு அது மாசு மருவில்லாத நல்ல காகிதம். அதையும் யாரும் வாங்கவில்லை.

நாத்தனாருக்கு வரன் வருவது நின்றது. தெருவில் அவளுக்குக் கத்திரிப்பூக்காரி என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேரே. கரைக்கு நிறம் கேட்டு யாரும் வரவில்லை. தெரியாத வெளியூர்க்காரி ஒருத்தி ஒரு நாள் வந்து கேட்டபோது, “எனக்குத் தெரியாதும்மா, வேற யாரையாவது கேளுங்க” என்று உள்ளே போய்விட்டாள். என்னோடு வாய்ச்சண்டை போடுவதையும் விட்டுவிட்டாள். நான் வேண்டுமென்றே சீண்டினாலும் சரி அண்ணி, ஆவட்டும் அண்ணி என்பாள். அந்த ஆவட்டும் அண்ணியைக் கேட்டாலே எனக்கு அழுகை வந்துவிடும்.

இரண்டு வருஷம் கழித்து வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு இடம் வந்தது. மளிகைக்கடைக்காரர், நாற்பதை நெருங்கியவர். முதல் சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆகவே ஆகாது. இந்தக் கிழவனுக்குக் கொடுப்பதற்கு அவளை இப்படியே வைத்துக்கொண்டு சோறு போடுவேன் என்று குதித்தேன். யாரும் அவளைக் கேட்கவில்லையே என்று கொல்லைப்புறம் போய் நானே கேட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“சரின்னு சொல்லிடுங்க அண்ணி” என்றாள். கையை நிறுத்தவில்லை.

“உனக்கென்ன பைத்தியமாடி? அவன் வயசு இன்னான்னு தெரியுமா? ரெண்டு புள்ளைங்க இருக்குது, தெரியுமா?”

“தெரியும்.” துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். “அந்த வூட்டுல சாவு எனக்கு முன்னாடியே வந்துட்டுது அண்ணி. அத யாரும் என் தலையில போட முடியாது.”

மாட்டேன் என்று சொல்வதற்கு அவள் தரப்பில் ஒரு காரணமாவது கிடைக்குமா என்று நான் தேடிப் போயிருந்தேன். அந்த வாரமே தாம்பூலம் மாற்றினோம்.